ஜெர்மனியில் வாடகை வீடு: பழுதுபார்க்கும் செலவு யாருடையது?

ஹீட்டர் நின்றுபோனாலும், குளியலறைக் குழாய் ஒழுகினாலும், ஜன்னல் கைப்பிடி கழன்றாலும், ஜெர்மனியில் முதலில் பொறுப்பு வீட்டுக்காரருக்குத்தான். 1900 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 535ஆம் பிரிவு இதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறது. வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும், ஒப்பந்தம் இருக்கும்வரை அந்த நிலை கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டும் வாடகைக்கு விடுபவரின் கடமை. சாதாரணமாகப் புழங்குவதால் ஏற்படும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்று 538ஆம் பிரிவு தனியாகவும் சொல்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது பழக்கமில்லாத கணக்கு. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பழக்கத்தில், ஜெர்மனியிலும் முதலில் பிளம்பரைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டுப் பிறகு வீட்டுக்காரருக்கு ரசீதை அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அந்தப் பணம் திரும்பி வராது. எது உடைந்தது என்பதைப் போலவே, யாரிடம் எப்போது சொன்னீர்கள், ஆளை யார் அழைத்தார்கள் என்பதும் அங்கே செலவைத் தீர்மானிக்கிறது.

முதலில் எழுத்தில் சொல்லுங்கள்

பழுது கண்ணில் பட்டதும் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும் என்பது 536சி பிரிவு. சொல்லாமல் விட்டு, ஒரு சொட்டு ஒழுகல் ஆறு மாதத்தில் கீழ்வீட்டுக் கூரைவரை இறங்கினால், கூடுதல் சேதத்துக்கு நீங்கள் பொறுப்பாகலாம். வாடகையைக் குறைக்கும் உரிமையும் அந்தக் காலத்துக்குக் கிடைக்காது.

போனில் சொன்னால் அதற்குச் சாட்சி இல்லை. மின்னஞ்சலில் நான்கு விஷயம் போதும்: எந்த அறையில் என்ன பழுது, எந்தத் தேதியிலிருந்து, இரண்டு மூன்று படங்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். கடைசியாகச் சொன்ன தேதிதான் முக்கியம். ‘சீக்கிரம் பாருங்கள்’ என்று எழுதினால் அது கெடு ஆகாது. ‘நவம்பர் 28க்குள்’ என்று எழுதினால் ஆகும். சொட்டும் குழாய்க்கு இரண்டு வாரம் நியாயமான கெடு; குளிர்காலத்தில் வெந்நீரோ ஹீட்டரோ இல்லையென்றால் ஓரிரு நாள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தை ‘ஐன்வூர்ஃப் ஐன்ஷ்ரைபன்’ என்ற பதிவுத் தபாலில் அனுப்பலாம். பெட்டியில் போட்ட நாளைத் தபால்காரர் பதிந்து வைப்பார். அடுக்குமாடியில் வீட்டுக்காரருக்குப் பதிலாக ‘ஹவுஸ்ஃபெர்வால்டுங்’ எனும் நிர்வாக நிறுவனம் இருக்கும். ஒப்பந்தத்தில் எது தொடர்பு முகவரியோ அங்கேயே எழுதுங்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் ஊழியரான ஹவுஸ்மைஸ்டரிடம் படிக்கட்டில் நின்று சொன்னதோடு நிறுத்தக் கூடாது. மாணவர்கள் பிறர் வாடகைக்கு எடுத்த வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால், அவர்களுக்கு வீட்டுக்காரர் அந்த முதன்மைக் குடித்தனக்காரர்தான். கட்டட உரிமையாளருக்கு எழுதினால் பலனில்லை.

கெடு முடிந்தும் வேலை நடக்கவில்லையென்றால்தான், நீங்களே ஆளை அழைத்துச் செலவைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது 536ஏ பிரிவு. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் குடிமை வழக்குகளுக்கான உச்ச நீதிமன்றமாக கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தந்த தீர்ப்பைப் பார்க்கலாம். வீட்டுக்காரருக்குக் கெடு வைத்து, அது தவறும்வரை காத்திருக்காமல், குடியிருந்தவர் தானே ஹீட்டரைச் சரிசெய்துகொண்டார். பழுது உண்மையாகவே இருந்திருந்தாலும் பணம் கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழுது உண்டா, என்ன காரணம், குறைந்த செலவில் முடியுமா என்று தானே பார்க்கும் வாய்ப்பு வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டும் என்பதே அதன் தர்க்கம்.

இதற்கு விலக்கு அவசரம் மட்டும். குழாய் வெடிப்பது, உறைபனி இரவில் ஹீட்டர் முழுதாக நிற்பது, மின்கம்பியிலிருந்து பொறி பறப்பது போன்றவை. அப்போதும் முதலில் வீட்டுக்காரரையும், மாடிப்படி அறிவிப்புப் பலகையில் உள்ள அவசர எண்ணையும் அழைத்துப் பாருங்கள். அழைத்த நேரம் போனில் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஆள் வந்தால் சேதத்தை நிறுத்தும் அளவுக்கு மட்டும் வேலை வாங்குங்கள். பழைய பாய்லரைத் தூக்கிவிட்டுப் புதியது வைப்பது அவசர வேலையில் சேராது. கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். ரசீதில் கூலி, பொருள், வந்துபோகும் கட்டணம் தனித்தனியாக இருக்கட்டும். குடிவந்த முதல் நாளே வீட்டின் தண்ணீர் அடைப்பு வால்வு எங்கே என்று பார்த்துவைப்பது நல்லது. குளியலறை ஓட்டுக்குப் பின்னால் சின்னக் கதவுக்குள்ளோ, சமையலறைத் தொட்டிக்கு அடியிலோ, நிலவறையிலோ இருக்கும்.

நூறு யூரோ விதி

சட்டம் வீட்டுக்காரர் மீது போட்ட சுமையில் ஒரு சிறு பகுதியை ஒப்பந்தம் குடியிருப்பவர் பக்கம் தள்ளலாம். ஏறக்குறைய எல்லா அச்சிட்ட ஒப்பந்தங்களிலும் ‘க்ளைன்ரெபராட்டூரன்’, அதாவது சிறு பழுதுகள் என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கும். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியே இல்லையென்றால் பத்து யூரோ பழுதும் வீட்டுக்காரர் செலவு.

பத்தி இருந்தாலே செல்லும் என்றும் இல்லை. 1989 ஜூன் 7 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் போட்ட நிபந்தனைகள் இன்றும் அடிப்படை. குடியிருப்பவர் அடிக்கடி கை வைக்கும் பொருள்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒவ்வொரு பழுதுக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். ஆண்டு முழுமைக்கும் இன்னோர் உச்சவரம்பு வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பத்தி முழுவதும் செல்லாது. இன்று ஒரு பழுதுக்கு 100 யூரோவை ஒட்டிய தொகையையும், ஆண்டுக்கு அடிப்படை வாடகையில் (தண்ணீர், ஹீட்டர் போன்ற செலவுகள் சேராத வாடகை) 6 முதல் 8 சதவீதத்தையும் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. அடிப்படை வாடகை மாதம் 800 யூரோ என்றால் ஆண்டுக்கு 9,600. அதில் 6 சதவீதம் 576 யூரோ.

பலர் ஏமாறுவது அடுத்த கட்டத்தில். உச்சவரம்பு 100 யூரோ, பில் 98 யூரோ என்றால் நீங்கள் கட்ட வேண்டும். பில் 130 யூரோ என்றால் வீட்டுக்காரர் 130ஐயும் கட்ட வேண்டும். ‘100 உங்களுடையது, 30 என்னுடையது’ என்ற பேச்சுக்கு இடமில்லை. கூலி, பாகம், வந்துபோகும் கட்டணம், 19 சதவீத வரி எல்லாம் சேர்ந்ததே பில் தொகை. ஒரு பிளம்பர் வீட்டு வாசலை மிதித்து அரைமணி நேரம் வேலை பார்த்தாலே பல நகரங்களில் 100 யூரோ தாண்டிவிடும் என்பதால், 75 யூரோ வரம்பு எழுதிய பழைய ஒப்பந்தங்கள் நடைமுறையில் குடியிருப்பவருக்குச் சாதகம். ஒரே வேலைக்கு இரண்டு பில் போட்டு இரண்டையும் வரம்புக்குள் கொண்டுவந்திருந்தால், தேதியையும் வேலை விவரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் அடங்குபவை: குழாய்த் தலை, ஷவர், சுவிட்ச், ப்ளக் பாயின்ட், கதவு ஜன்னல் கைப்பிடி, பூட்டு, ஹீட்டரின் திருகு, அடுப்பின் திருகு, ஜன்னல் சுருள்தடுப்பை ஏற்றி இறக்கும் பட்டை. அடங்காதவை: சுவருக்குள் போகும் குழாய், மின்கம்பி, ஃப்யூஸ் பெட்டி, குளியல் தொட்டி ஓரத்து சிலிக்கான் பூச்சு. கழிப்பறைத் தொட்டியின் உள்ளே இருக்கும் மிதவை வால்வு பற்றி மட்டும் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்வதில்லை.

இந்தப் பத்தி உங்களைப் பணம் கட்டவைக்கலாம். வேலைக்கு ஆள் பிடிக்கவைக்க முடியாது. ‘பழுதைக் குடியிருப்பவரே செய்வித்துக்கொள்ள வேண்டும்’ என்ற வாசகம் செல்லாது என்று 1992இல் முடிவாகிவிட்டது. நீங்கள் பிளம்பருக்கு போன் செய்தால் அவரோடு ஒப்பந்தம் உங்களுடையது. பில் 240 யூரோ வந்தாலும் அவர் உங்களிடம்தான் கேட்பார். ஆகவே ஐந்து யூரோ வாஷர் என்றாலும் முதலில் தகவல், பிறகு வீட்டுக்காரர் அனுப்பும் ஆள்.

வீட்டுக்குள் தனி எரிவாயுக் கொதிகலன் இருந்தால் அதன் வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் வேறு கணக்கு. ஒப்பந்தம் சொன்னால், உச்சவரம்பு குறிப்பிடாவிட்டாலும் அதை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும் என்று 2012இல் தீர்ப்பு வந்தது. அது பராமரிப்புக்கு மட்டும். கொதிகலனின் பம்ப் போனால் வீட்டுக்காரரிடமே போக வேண்டும்.

சமையலறை யாருடையது?

ஜெர்மனியில் பல வீடுகள் அடுப்பும் பாத்திரத் தொட்டியும்கூட இல்லாமல் வெறும் குழாய் முனையோடு வாடகைக்கு வரும். ஒப்பந்தத்தில் சமையலறையும் சேர்த்து வாடகைக்கு என்று இருந்தால், அடுப்பும் குளிர்பெட்டியும் தானாகப் பழுதானால் வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டும். முன்பு இருந்தவரிடம் பணம் கொடுத்து வாங்கியிருந்தால் அது உங்கள் பொருள், பழுதும் உங்களுடையது. சில ஒப்பந்தங்களில் சமையலறை ‘கட்டணமின்றிப் பயன்பாட்டுக்கு விடப்படுகிறது’ என்று நுழைத்திருப்பார்கள். பழுதானால் மாற்றித்தர மாட்டோம் என்பதற்கான முன்னேற்பாடு அது. கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

பெயின்ட்

வீட்டைக் காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் சென்னை வழக்கத்துக்கு ஜெர்மனியில் சட்ட வடிவம் கிடையாது. சுவர், கூரை, உள்கதவுகள், ஹீட்டர் குழாய், ஜன்னலின் உள்பக்கம் ஆகியவற்றுக்குப் பூச்சு அடிப்பதை ‘ஷோன்ஹைட்ஸ்ரெபராட்டூரன்’ என்கிறார்கள். சட்டப்படி அதுவும் வீட்டுக்காரர் வேலை. ஒப்பந்தத்தால் மாற்றலாம், ஆனால் அப்படி எழுதிய பத்திகள் நீதிமன்றத்தில் வரிசையாக விழுந்துவிட்டன. ‘சமையலறை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை’ என்று நிலைமையைப் பார்க்காமல் நாள் குறித்த பத்தி 2004இலிருந்து செல்லாது. எந்த நிலையில் இருந்தாலும் போகும்போது பூச வேண்டும் என்பதும் செல்லாது. 2015 மார்ச் 18 தீர்ப்பு எல்லாவற்றையும்விடப் பெரியது: பூச்சு அடிக்காத, பழைய கறையுள்ள வீட்டை ஒப்படைத்து, அதற்கு ஈடாக எதுவும் தராமல் இருந்தால், பெயின்ட் கடமையைக் குடியிருப்பவர் மீது போடும் அச்சிட்ட பத்தி செல்லாது.

பத்தி செல்லாது என்றதும், வீட்டுக்காரரே வந்து இலவசமாகப் பெயின்ட் அடிப்பார் என்று எண்ண வேண்டாம். பூசாமல் வாங்கிய வீடு காலப்போக்கில் மோசமாகிவிட்டால் பூசித்தரக் கேட்கலாம், ஆனால் செலவில் பொதுவாகப் பாதி உங்களுடையது என்று 2020இல் நீதிமன்றம் சொன்னது. இன்னொரு கண்ணி நிறம். வெள்ளையாக வாங்கிய சுவரைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாற்றி அப்படியே விட்டுப் போனால் பெயின்ட் பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஷ்டஈடு கேட்பார்கள். 2013 நவம்பர் தீர்ப்பு அதை உறுதிசெய்தது. படம் மாட்டிய ஓட்டைகள் வழக்கமான அளவில் இருந்தால் தேய்மானத்தில் சேரும். குளியலறை ஓட்டின் நடுவில் துளைக்காமல், ஓடுகள் சேரும் இடுக்கில் துளைத்திருந்தால் சண்டைக்கு வாய்ப்புக் குறைவு.

பூஞ்சை

மற்ற எல்லாப் பழுதையும்விட அதிகம் மோதல் வருவது இதில்தான். படுக்கையறை மூலையில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். ‘நீங்கள் ஜன்னல் திறப்பதில்லை’ என்பார் வீட்டுக்காரர். ‘சுவரில் ஈரம்’ என்பார் குடியிருப்பவர். ஆதாரம் காட்டும் கடமை படிப்படியாக மாறும். பூஞ்சை இருப்பதை நீங்கள் காட்ட வேண்டும். கூரை ஒழுகல், குழாய்க் கசிவு, சுவர்க் குறை போன்ற கட்டடக் காரணம் ஏதும் இல்லை என்று வீட்டுக்காரர் நிரூபிக்க வேண்டும். அதை அவர் செய்துவிட்டால், ஒழுங்காகக் காற்றோட்டம் விட்டேன், அறையைச் சூடாக வைத்தேன் என்று நீங்கள் காட்ட வேண்டும்.

காரணம் எளிது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். அது குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டதும் ஈரம் நீராகப் படியும். நான்கு பேர் உள்ள வீட்டில் மூச்சு, குளியல், சமையல், துணி எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். தினமும் சாதம் வடித்து, இட்லி அவித்து, துவைத்த துணியை அறைக்குள் காயப்போடும் வீட்டில் அது இன்னும் கூடும். ஜன்னலை மேல்பக்கம் சாய்த்துவைத்து நாள் முழுக்க விடுவது தீர்வு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஜன்னலைச் சுற்றிய சுவர் குளிர்ந்து அங்கேயே பூஞ்சை பிடிக்கும். ஜன்னல்களை அகலத் திறந்து 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை, குளித்தபின்னும் சமைத்தபின்னும் உடனே ஒருமுறை. அந்த நிமிடங்களில் ஹீட்டர் மூடியிருக்கட்டும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். சில யூரோவுக்குக் கிடைக்கும் ஈரமானியில் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, தேதியோடு குறித்து வந்தால் அதுவே பிறகு உங்கள் ஆதாரம்.

பழைய கட்டடங்களில் வீட்டுக்காரர் கை சற்று ஓங்கியிருக்கிறது. 1968, 1971 காலத்தில் கட்டிய வீடுகள் பற்றிய வழக்கில், கட்டியபோது இருந்த தரத்துக்கு ஏற்ப இருந்தால், சுவரின் சில இடங்கள் அதிகம் குளிர்வதையே குறையாகக் கொள்ள முடியாது என்று 2018 டிசம்பர் 5 தீர்ப்பு வந்தது.

வாடகையைக் குறைக்கலாமா?

பழுது இருக்கும் நாள்களுக்கு வாடகை தானாகவே குறைகிறது என்பது 536ஆம் பிரிவு. வீட்டுக்காரரின் ஒப்புதல் வேண்டியதில்லை. தண்ணீர், ஹீட்டர் முன்பணமும் சேர்ந்த முழு வாடகையில்தான் சதவீதம் கணக்கிட வேண்டும். முழு வாடகை 1,100 யூரோ, குறைப்பு 20 சதவீதம், பழுது 10 நாள் என்றால் 73 யூரோ சொச்சம்.

ஆனால் சதவீதத்தைச் சட்டம் சொல்வதில்லை. நீதிபதிதான் பிறகு சொல்வார். நீங்களே கணக்குப் போட்டுப் பணத்தைப் பிடித்தால், கணக்குத் தவறும்போது அது வாடகை பாக்கியாகிவிடும். பாக்கி இரண்டு மாத வாடகையை எட்டினால் உடனடியாக வெளியேற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு வந்துவிடும். 2012 ஜூலையில் முடிந்த ஒரு வழக்கில், பூஞ்சைக்காக வாடகையைக் குறைத்தவர் வீட்டில் இரண்டு மீன்தொட்டிகளும் பாம்பு வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியும் இருந்தன. ஈரத்துக்குத் தன் பழக்கமே காரணமாக இருக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, வெளியேற்றியதை நீதிமன்றம் சரி என்றது. முழு வாடகையையும் ‘உன்டர் ஃபோர்பெஹால்ட்’, அதாவது உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று எழுத்தில் சொல்லிக் கட்டிவிட்டு, மிகுதியைத் திரும்பக் கேட்பது பாதுகாப்பு. குடியிருப்போர் சங்கமான ‘மீட்டர்ஃபெரைன்’ ஒவ்வொரு பெரிய நகரிலும் இருக்கிறது. ஆண்டுச் சந்தாவுக்கு வக்கீல் ஆலோசனையும் கடிதமும் கிடைக்கும்.

பின்வாசல் வழியாக வரும் செலவு

பழுதுபார்க்கும் செலவு தண்ணீர், ஹீட்டர் போன்ற கூடுதல் செலவுகளுக்கு ஆண்டு முடிவில் வரும் ‘நேபன்கோஸ்டன்’ கணக்கிலும் ஒளிந்து வரலாம். பராமரிப்பும் பரிசோதனையும் அதில் வரலாம், பழுது வரக் கூடாது. லிஃப்டுக்குப் பழுதும் சேர்த்த முழு ஒப்பந்தம் போட்டிருந்தால் பழுதுக்கான பங்கைக் கழிக்க வேண்டும். ஹவுஸ்மைஸ்டர் சம்பளத்தில் அவர் பார்த்த பழுதுவேலைக்கும் நிர்வாக வேலைக்கும் உரிய பங்கையும் அப்படியே கழிக்க வேண்டும். கணக்கு வந்து 12 மாதத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம்; ரசீதுகளைப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை.

‘மேம்படுத்தினோம்’ என்று வாடகை கூட்டும்போதும் இதே கேள்வி கேளுங்கள். மேம்பாட்டுச் செலவில் ஆண்டுக்கு 8 சதவீதத்தை ஆண்டு வாடகையில் சேர்க்கலாம். எப்படியும் மாற்ற வேண்டியிருந்த உளுத்த ஜன்னலுக்கு ஆகியிருக்கும் பழுதுச் செலவை முதலில் கழித்துவிட்டுத்தான் அந்தக் கணக்கு.

நீங்களே உடைத்தது, காலி செய்யும் நாள்

கனமான பாத்திரம் விழுந்து கைகழுவும் தொட்டி விரிசல் விட்டால் செலவு உங்களுடையது. பிறருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்துக்கான ‘ஹாஃப்ட்ஃப்லிஷ்ட்’ காப்பீடு எடுத்திருந்தால், வாடகை வீட்டுச் சேதமும் அதில் உண்டா என்று பாருங்கள். பத்தாண்டு பழைய தரைவிரிப்புக்குப் புதியதன் விலையைக் கேட்க முடியாது. தேய்ந்த காலத்தைக் கழிக்க வேண்டும், சாதாரணத் தரைவிரிப்பு அந்த வயதில் ஏறக்குறைய ஒன்றுமில்லாததாகிவிடும். சாவி தொலைந்தால் கட்டடத்தின் முழுப் பூட்டு அமைப்பையும் மாற்றிய செலவைக் கேட்பார்கள். உண்மையிலேயே மாற்றியிருந்தால் மட்டுமே கேட்கலாம் என்பது 2014 மார்ச் தீர்ப்பு.

குடிவரும் நாளில் எழுதும் ஒப்படைப்புக் குறிப்பில் ஒவ்வொரு கீறலையும் மீட்டர் எண்ணையும் சேருங்கள். தெரிந்தே ஏற்றுக்கொண்ட குறைக்கு, உரிமையை ஒதுக்கிவைத்ததாக எழுதாவிட்டால், பிறகு வாடகைக் குறைப்பு கிடைக்காது. காலி செய்யும் நாளில் நீட்டப்படும் குறிப்பில் ‘எல்லாச் சுவருக்கும் பெயின்ட் அடித்துத் தருகிறேன்’ என்பது போன்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தில் செல்லாத பத்தி அங்கே புதிய வாக்குறுதியாக உயிர்பெறும். குறிப்பில் கையெழுத்திட வேண்டிய கட்டாயமும் இல்லை.

குடிவரும்போது வீட்டுக்காரரிடம் பிணையாகக் கொடுத்துவைக்கும் முன்பணம் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று தவணையாகக் கட்டலாம். வீட்டைத் திரும்பக் கொடுத்த ஆறு மாதத்தில் சேதத்துக்கான வீட்டுக்காரரின் உரிமை காலாவதியாகும். எனினும் 2024 ஜூலை 10 தீர்ப்புக்குப் பிறகு, காலாவதியான சேதத் தொகையையும் கையில் உள்ள முன்பணத்தில் அவர் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆறு மாதம் ஓடட்டும் என்று சும்மா இருப்பதில் பயனில்லை. எந்தச் சேதத்துக்கு எவ்வளவு பிடித்தம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் அந்த ஊரின் ‘ஆம்ட்ஸ்கெரிஷ்ட்’ எனும் கீழ்நிலை நீதிமன்றத்துக்குப் போகலாம். வீட்டு வாடகை வழக்கு, தொகை எதுவானாலும் அங்கேதான் தொடங்கும், வக்கீல் கட்டாயமில்லை.